தோல் இல்லை என்று சூடம் அணைத்தவள்

சங்கரன்கோவில் நெசவுக்காரர் தெருவில் ஆறுமுகத்தாய் வருவது ஆள் கண்ணில் படும் முன்னாலேயே காதில் விழும். முதலில் ஒரு டக். பிறகு ஒரு கிணுங். டக் என்பது நல்ல வலது கால். கிணுங் என்பது இடது காலில் மாட்டியிருந்த இரும்பு. இரண்டு பக்கமும் கம்பி, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் வார், அடியில் அந்தக் கம்பியோடு சேர்த்து இறுக்கின கறுப்பு பூட்ஸ். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அந்தக் காலில் சதையே பிடிக்காமல் செய்துவிட்டது. இரும்பை மாட்டினால் கால் நிற்கும். மாட்டாவிட்டால் இடது கையால் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கலாம். அதற்கு மேல் முடியாது.

தெருப்பிள்ளைகள் அவளுக்கு லாடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வைத்த பெயரைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவளுடைய மதினி, அண்ணன் குருசாமியின் மனைவி முப்பிடாதியம்மாள், எடுத்துக்கொண்டாள். “எங்க லாடத்தக் காணும்? வாசல்ல சத்தம் கேக்கலியே” என்றுதான் அடுப்படியிலிருந்து விசாரிப்பாள்.

குருசாமிக்கு வீட்டிலேயே இரண்டு தறி. தறி ஓட வேண்டுமானால் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் யாராவது சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். ஆறுமுகத்தாய் பத்து வயதில் ராட்டை முன்னால் உட்கார்ந்தவள். இரண்டு தறிக்கும் அவள் ஒருத்தியே சுற்றினாள். வெளியாளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். இவள் வீட்டு ஆள். மதினி அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. “உக்காந்த எடத்துல சோறு வருது பாரு, அதுக்கும் ஒரு யோகம் வேணும்” என்பதுதான் அவள் சொன்னது.

கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த ஊர் அது. ஆடி மாதம் கொடியேறியதும் சனங்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்றத் தொடங்குவார்கள். ஆடிச்சுற்று என்று பேர். நூற்றியெட்டு சுற்றுகிறவர்களும் உண்டு, ஆயிரத்தெட்டு சுற்றுகிறவர்களும் உண்டு. சுற்றுகிறவர்களின் கால்வலியைத் தவம் நிற்கிற தாய் தன் காலில் வாங்கிக்கொள்வாள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. குழந்தைக்குக் கால் போன வருஷம், ஆறுமுகத்தாயின் அம்மா சன்னதியில் நின்று நேர்ந்துகொண்டாள்: “தாயே, இவ காலூனி நடக்கட்டும். நூத்தியெட்டு ஆடிச்சுத்து, இவ காலாலயே சுத்த வைக்கேன்.”

அந்த நேர்த்திக்கடன் அப்படியே நின்றுபோனது. இரும்புக்கால் வந்தும் பிரயோசனம் இல்லை. பூட்ஸோடு கோயிலுக்குள் போக முடியாது. பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்றால் முழு இரும்பையும் கழற்ற வேண்டும். வாசலில் செருப்புக் காவல் இருந்த சிவனாண்டியிடம் காலைக் கொடுத்துவிட்டு, அம்மா முதுகில் ஏறி உள்ளே போவாள். சிவனாண்டி மற்றவர்களின் செருப்புக்குக் கொடுக்கிற மாதிரியே அவளுக்கும் ஒரு தகர வில்லை கொடுப்பார். அம்மா செத்த பிறகு முதுகும் போயிற்று. ஒரே ஒரு தடவை மதினியிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அம்பாளுக்கும் உனக்கும் நடுவுல நான் என்ன சப்பரமா, உன்னத் தூக்கிட்டுப் போவ? கோபுரத்தப் பாத்துக் கும்புட்டா அவளுக்குத் தெரியாதோ?” என்றாள் மதினி.

அதன் பிறகு ஏழு வருஷம் ஆறுமுகத்தாய் கோபுரத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டாள்.

எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வண்டி வந்திருக்கிறது, வாதம் வந்த கால்களுக்கு அளவு எடுக்கிறார்கள் என்று தெருவில் சொன்னார்கள். ஆறுமுகத்தாய் தானாகவே கிணுங் கிணுங் என்று போய் வரிசையில் நின்றாள். அளவு எடுத்தவர் பெயர் சாம்ராஜ். முழங்கையில் சுண்ணாம்பு அப்பிய, சிரித்த முகமான மனுஷன். ஈரத் துணியைக் காலில் சுற்றி அச்சு எடுத்தார்.

“பழைய இரும்பையும் பூட்ஸையும் தூக்கிப் போட்டுருவோம், தாயி. இப்பம் பிளாஸ்டிக்க சூடாக்கி, உன் கால் எப்பிடி இருக்கோ அப்பிடியே வார்க்கோம். முட்டுல மட்டும் லேசான அலுமினியக் கம்பி. அதுக்கு மேல நீ எந்தச் செருப்பு வேணும்னாலும் போட்டுக்கிடலாம்.”

“செருப்பக் கழட்டினா?”

“செருப்பக் கழட்டினா செருப்பு மட்டும்தான் வரும். கால் உன்கிட்டயே இருக்கும்.”

ஆறுமுகத்தாய் குனிந்து தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள். “அண்ணாச்சி, அடியில தோல் இருக்கக் கூடாது. நான் கோயிலுக்குள்ள போவணும்.”

“எங்க வேதக்கோயில்ல பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் பாட்டே பாடுவோம்” என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அடியில பொட்டுத் தோல் கிடையாது. பயப்படாத. முட்டுக்கு மட்டும் கடிக்காம மெத்துனு ஒண்ணு வச்சித் தாரேன்.”

அவள் கேட்டது அடியைப் பற்றி. அவர் சொன்னதும் அடியைப் பற்றி. மீதியை அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஆனி மாதம் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்க் காலை வாங்கி வந்தாள். வெள்ளை வெளேரென்று பால் கேன் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும், யாரும் பார்க்காத நேரம், நூல் நிறுக்கிற தராசில் ஒரு பக்கம் பழைய இரும்பை வைத்தாள், மறு பக்கம் புதிய காலை வைத்தாள். இரும்பு தொம்மென்று கீழே போய் உட்கார்ந்தது. இரண்டு கிலோப் படிக்கல்லைப் புதிய காலோடு சேர்த்து வைத்தும் இரும்பு எழும்பவில்லை. இத்தனை வருஷமாக இதையா இழுத்துக்கொண்டு நடந்தோம் என்று ராட்டை முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

புதுக்கால் மட்டுமல்ல, இன்னொரு செய்தியும் கொண்டு வந்திருந்தாள். கால் வார்க்கிற பட்டறையில் காத்திருந்தபோது அங்கே கிடந்த ஒரு பட்டையின் தையல் பிரிந்திருக்கக் கண்டு, சும்மா இருக்க மாட்டாமல் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். சாம்ராஜ் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “பட்டை தைக்க எங்களுக்கு ஆள் வேணும். தங்க எடமும் உண்டு. வாறியா?” என்றார். ஆவணியில் வந்து சேர்ந்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். குருசாமி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினிதான் வாய் திறந்தாள்.

“நல்லாருக்கே கதை. தறி ரெண்டும் பட்டினி கெடக்கட்டும், இவ பாளையங்கோட்டையில போயி எவன் காலுக்கோ வார் தைக்கட்டும். ஏட்டி, உங்க ஆத்தா நேந்துக்கிட்டது என்ன ஆச்சு? அந்தக் கடன அடைக்காம ஊர் எல்லையத் தாண்டினா குடும்பம் வெளங்குமா?”

“அதான் மதினி, இப்பம் கால் வந்துட்டுல்லா. இந்த ஆடிக்கே சுத்திருதேன்.”

“காலு வந்துட்டாம்! வாளியில கைப்பிடி மாட்டின கணக்கா ஒண்ண மாட்டிக்கிட்டு காலுங்கா.” மதினி புருஷன் பக்கம் திரும்பினாள். “கேட்டியளா? இவ நூத்தியெட்டுச் சுத்தட்டும். கம்பு ஊனப்படாது. ஆரு தோளையும் பிடிக்கப்படாது. தொடையில கைய ஊனவும் படாது. தபசுக்குள்ள முடிச்சிட்டான்னா போவட்டும். முடிக்கலன்னா செத்த மாதிரி ராட்டைல உக்காரட்டும். என்ன சொல்லுதிய?”

“மதினி சொல்லுதது சரிதானட்டி” என்றான் குருசாமி. கொடியேற்றத்திலிருந்து பதினோராம் நாள் தபசு, அம்பாளின் தவம் பலிக்கிற திருநாள். முடியாது என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். கடனைச் சொல்லித் தங்கச்சியைக் கட்டிப்போடுவது அவனுக்குப் பாவமாகத் தோன்றவில்லை. அம்மா நேர்ந்த கடன்தானே.

ஆறுமுகத்தாய் நாளுக்குப் பத்து என்று கணக்குப் போட்டாள். கல்தரையில் பிளாஸ்டிக் வழுக்கும் என்று துண்டுத் துணியில் பாதத்துக்கு ஓர் உறை தைத்துக்கொண்டாள். எண்ணிக்கைக்கு இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு ஒரு நூலை இடுப்பில் செருகிக்கொண்டாள். சுற்றுக்கு ஒரு முடிச்சு.

கொடியேறின அன்றைக்குக் காலையில் வாசலில் ரப்பர் செருப்பைக் கழற்றி சிவனாண்டியிடம் கொடுத்தாள். அவர் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “மூதி, காலத் தராம செருப்ப மட்டும் தந்தா எப்பிடி?” என்று கேலி செய்தார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பியபோது, வாசல் நடுவில் மதினி நின்றாள். பின்னால் தெருப்பெண்கள் ஏழெட்டுப் பேர்.

“உள்ள தோலு இருக்கா இல்லையா, அத மொதல்ல சொல்லு” என்றாள் மதினி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

“இல்ல மதினி. பிளாஸ்டிக்.”

“அடியில என்ன, செருப்பு மாதிரி?”

“அது தெருவ மிதிச்சதே இல்ல. உறைகூட புதுசு.”

“ஆத்தி, எனக்கென்னமோ செருப்போடதான் நிக்கா மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி. “அம்பாளு கண்ண மூடிக்கிட்டா தவம் நிக்கா?” என்றாள் இன்னொருத்தி. “இவ உள்ள மிதிச்ச எடத்துல நாங்க மிதிக்கணுமாக்கும்” என்றாள் மூன்றாவது ஒருத்தி. நேற்று வரை இவள் சுற்றின நூலில் நெய்த சேலையை அவர்கள்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சூடத்த அணை” என்றாள் மதினி. முந்தானையில் சூடத்தை முடிந்தே கொண்டு வந்திருந்தாள். சூடம் ஏற்றுகிற கல்லில் வைத்துக் கொளுத்தினாள்.

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. பொய்யாக அணைத்தவள் குடும்பம் தழைக்காது என்பார்கள். ஆறுமுகத்தாய் கோபுரத்தைப் பார்த்தாள். “என் காலுல பொட்டுத் தோல் கிடையாது, தாயே” என்று சொல்லி உள்ளங்கையால் ஒரே அடியாகச் சூடத்தை அணைத்தாள். கை சுட்டது. பெண்கள் விலகினார்கள்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு உள்ளே போனாள். ஒருவர் முதுகிலும் இல்லை. கல்தரை குளிர்ச்சி வலது பாதத்துக்கு மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு.

அன்றைக்குப் பத்துச் சுற்று. மறுநாளும் பத்து. மூன்றாம் நாள் தொடை இடுக்கில் பிளாஸ்டிக் விளிம்பு உரசித் தோல் வழண்டது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனாள். சுற்றுகிறவர்கள் சும்மா போகவில்லை. “வழிய விடு, லாரி வருது” என்பார்கள். தோளில் இடித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் யாரோ வேண்டுமென்றே குறுக்கே வாழைப்பழத்தோலைப் போட்டிருந்தார்கள். அதையும் பார்த்துத் தாண்டினாள். மதினி தினம் ஒரு தடவை வந்து கொடிமரத்தடியில் நின்று, அவள் கை தொடைக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். போகவில்லை. இருபத்தைந்து வருஷம் தொடையில் கை ஊன்றியவள், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நடந்தாள்.

ஆறாம் நாள் வெயில் கொளுத்தியது. அன்றைக்கு ஏழாவது சுற்று, மொத்தத்தில் ஐம்பத்தேழாவது சுற்று. முழங்காலைப் பின்னால் மடங்காமல் பிடித்துக்கொள்கிற பட்டை வியர்வையில் நனைந்து நழுவுவதுபோல் இருந்தது. வடக்குப் பிரகாரத்தில் ஆள் இல்லாத ஒரு தூண் ஓரம் ஒதுங்கி, சேலையை விலக்கிப் பார்த்தாள். பட்டையின் மேல்துணி ஓரத்தில் தையல் விட்டிருந்தது. உள்ளே பழுப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள்.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் காலில் கட்டியிருந்த வாசனை. மெத்துமெத்தென்ற ஆட்டுத்தோல்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தவிலும் நாகஸ்வரமும் கேட்டன. யாரும் பார்க்கவில்லை. துணியை இழுத்து மூடி இரண்டு தையல் போட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இன்னும் ஐம்பத்தோரு சுற்று. ஆவணியில் பஸ். தாயே, எனக்குத் தெரியாம நடந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தாள். தெரியாத வரைக்கும் சரி. இப்பம் தெரிஞ்சுபோச்சே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பட்டையைக் கழற்றினாள். உடனே முட்டு மடங்கியது. சுவரைப் பிடித்து, தொடையில் கையை ஊன்றி, குனிந்து குனிந்து வாசல் வரைக்கும் வந்தாள். மதினி கல்லுக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

“மதினி, என் காலுல தோல் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. இந்தா, இதான்” என்று பட்டையை நீட்டினாள். “அன்னைக்கி நான் அணைச்சது பொய்ச் சத்தியமாப் போச்சு. சுத்தினதும் கணக்குல கிடையாது.”

இடுப்பு நூலை உருவி, ஐம்பத்தாறு முடிச்சோடு அந்தக் கல்லில் வைத்தாள்.

இப்படி ஒரு அதிர்ஷ்டம் கையில் வந்து விழும் என்று மதினியே நினைத்திருக்க மாட்டாள். “பாத்தியளா! பாத்தியளா! சூடத்த அணைச்சிட்டு ஆட்டுத்தோலக் கட்டிக்கிட்டுச் சுத்திருக்கா. சவத்து மூதி! எங்க குடும்பத்தையும் சேத்துல்லா பொசுக்கப் பாத்திருக்கா!” வாசலே கூடிவிட்டது. ஒருத்தி துப்பினாள். ஒருத்தி, “கோட்டிக்காரிய வீட்டோட கட்டிப் போடுங்க” என்றாள். குருசாமி தகவல் கேட்டு தறியிலிருந்து ஓடி வந்தான். கையை ஓங்கினான். கோபுரத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டான்.

சிவனாண்டிக்குப் பொறுக்கவில்லை. “ஏ குருசாமி, உன் இடுப்புல என்ன வே, பச்சை பெல்ட்டு? அது என்ன, தென்னம்பாளையா? உள்ள அடிக்காம்லா தவிலு, அது தகரமா? இந்தப் புள்ள கட்டினது மட்டும் ஒங்களுக்குக் கண்ண உறுத்துதோ?”

கூட்டம் தவில் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷத்தில் ஆறுமுகத்தாய் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவளோ, “தவில்காரர் சூடம் அணைக்கலையே அண்ணாச்சி. நான்லா அணைச்சேன்” என்றாள்.

“அப்பம் கெடந்து சாவு” என்று சொல்லிவிட்டுச் சிவனாண்டி செருப்புகளை அடுக்கப் போய்விட்டார்.

“முடிஞ்சது கதை. நாளைக்கி ராட்டைல உக்காரு” என்றாள் மதினி.

“தபசுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு மதினி. தபசுக்குள்ளன்னுதான நீங்க சொன்னிய.”

அன்றைக்கு சாயங்காலம் முழுக்கத் துணியைத் தேடினாள். ஊடை நூலில் தைத்தால் இழுக்க இழுக்க நீளும். தறியில் நெடுக ஓடுகிற பாவு நூல் நீளாது. பதினேழு வருஷம் நூலோடு இருந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவின் பழைய கெட்டிச் சேலையின் கரையைக் கிழித்து எட்டு மடிப்பாக மடித்தாள். கஞ்சி போட்ட பாவு நூலை இரட்டையாகக் கோர்த்து, நெருக்க நெருக்கத் தையல் போட்டாள். மறுநாள் உச்சிவேளைக்கு முடிந்தது. தோல் பட்டையில் சாம்ராஜ் வைத்திருந்த பித்தளைக் கொக்கியைப் பிரித்து இதில் மாற்றினாள். மாட்டி எழுந்து நின்றாள். முட்டு மடங்கவில்லை. புது நூல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மதினி கூடவே கிளம்பினாள். மடியில் நூற்றியெட்டுப் புளியங்கொட்டை எண்ணிக் கட்டிக்கொண்டாள். “ஒன் முடிச்ச நான் நம்ப மாட்டேன். சுத்துக்கு ஒண்ணு நான் எடுத்து அந்தப் பக்கம் வைப்பேன். ஒண்ணு ஏமாத்தினாலும் அங்கனயே கூப்பாடு போடுவேன்.”

“நல்லது மதினி” என்றாள் ஆறுமுகத்தாய். பரிகாசம் செய்கிறாளோ என்று மதினி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பரிகாசம் இல்லை.

ஏழாம் நாள் பதினெட்டு. எட்டாம் நாள் இருபத்து நாலு. ஒன்பதாம் நாள் தொடை விளிம்பில் ரத்தம் கசிந்து, வலது காலும் வீங்கியது, இருபத்திரண்டோடு நின்றாள். பத்தாம் நாள் இருபத்து நாலு. மதினி கொடிமரத்தடியில் உட்கார்ந்து, கொட்டை கொட்டையாக எடுத்து வைத்தாள். நடுவில் சாப்பிடக்கூடப் போகவில்லை. போனால் இவள் ஏமாற்றிவிடுவாள். தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று சொன்னாள். “நடையப் பாரு, வாத்து கணக்கா.” “ஆவணியில பஸ்ஸாமே, பஸ்ஸு.” “வழியிலயே முட்டு ஒடிஞ்சி விழுவ.” ஆறுமுகத்தாய்க்கு ஒரு கட்டத்தில் அந்தக் குரல் வேண்டியதாக இருந்தது. கொடிமரம் வந்துவிட்டது, ஒரு சுற்று முடிந்தது என்று அதுதான் சொன்னது.

தபசு அன்றைக்கு இன்னும் இருபது பாக்கி. மத்தியானமே அம்பாள் தபசு மண்டபத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். ஊர் முழுக்க ரதவீதிக்கு ஓடியது. புளியங்குடியிலிருந்தும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் வந்த சனம், விளைந்த பருத்தியையும் மிளகாயையும் சப்பரத்து மேல் வீசக் கையில் வைத்துக்கொண்டு தெருவை அடைத்து நின்றது. சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். வருஷத்துக்கு ஒரு நாள். அதைப் பார்க்காத சங்கரன்கோவில்காரர் கிடையாது.

பிரகாரத்தில் இரண்டே பேர். ஒருத்தி சுற்றினாள். ஒருத்தி எண்ணினாள்.

“ஏட்டி, வெரசா நட! காட்சி போயிரும்!” என்று மதினி கத்தினாள்.

“நீங்க போங்க மதினி. நான் முடிச்சிட்டு வாரேன்.”

“போவேனாக்கும்! நான் போனா நீ ஒண்ணச் சுத்திட்டு அஞ்சும்ப.”

பதினைந்து. பதினாறு. பிளாஸ்டிக் விளிம்பு பட்ட இடம் எரிந்து, பிறகு எரிச்சலும் மரத்துப்போனது. தாய் வாங்கிக்கொண்டாள் என்று ஆறுமுகத்தாய் நினைத்தாள். பத்தொன்பதாவது சுற்றில் மேற்குப் பிரகாரத்தில் வரும்போது, வெளியே வானம் அதிர வேட்டுப் போட்டது. ஆயிரக்கணக்கான தொண்டை ஒன்றாகச் சத்தமிட்டது. காட்சி ஆகிவிட்டது. ஆறுமுகத்தாய் நின்ற இடத்தில் கைகூப்பிவிட்டு நடந்தாள். மதினி எழுந்து வாசல் வரைக்கும் ஓடி எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து கூட்டத்தின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்து கொடிமரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஆறுமுகத்தாய் இருபதாவதையும் முடித்து வந்து நின்றாள். நூற்றியெட்டாவது முடிச்சைப் போட்டாள். “முடிஞ்சிட்டு மதினி.”

மதினி மடியைத் தட்டினாள். ஒரு கொட்டை விழுந்தது. “நூத்தியேழு” என்றாள்.

ஆறுமுகத்தாய் நூலைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். மதினி எழுந்து ஓடின நேரம் எது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. மதினியின் கண் இரண்டும் சிவந்திருந்தன. “உன்னால எனக்குக் காட்சி போச்சேட்டி, பாவி! கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து ஒரு வருசம் தப்பினதில்ல!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். “நூத்தியேழுதான்! நூத்தியேழுதான்!”

“சரி மதினி” என்றாள் ஆறுமுகத்தாய். கைகூப்பிக்கொண்டு இன்னொரு சுற்று புறப்பட்டாள். மதினி அந்தக் கடைசிக் கொட்டையை விரலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவணி பிறந்ததும் பஸ் ஏறினாள். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. குருசாமி தறியிலிருந்து எழவில்லை; மதினி, “போ, போ, அங்கன போயி நல்லாத் தை” என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். பழைய இரும்பு மூலையில் கிடந்தது.

பட்டறையில் அவள் முதல் வேலையாக சாம்ராஜிடம் அம்மா சேலையில் செய்த பட்டையைக் காட்டினாள். அவர் இழுத்துப் பார்த்தார். “இது நம்ம தோலவிடக் கெட்டியா இருக்கே” என்றார். அன்றையிலிருந்து அங்கே இரண்டு விதம். கால் வாங்க வருகிறவர்களிடம் ஆறுமுகத்தாய் கேட்கிற முதல் கேள்வி, “கோயிலுக்குள்ள போவியளா?” என்பதுதான். போவேன் என்றால் பாவு நூல் பட்டை. மேலப்பாளையத்திலிருந்து வந்த மஹ்பூபா என்ற பெண், “தொழுகைக்கும் அதையே தாங்க அக்கா, கழுவினா காஞ்சிருமே” என்று கேட்டு வாங்கிப் போனாள்.

ஆடிக்கு ஆடி ஆறுமுகத்தாய் ஊருக்கு வருகிறாள். தெருவில் இப்போது சத்தம் கேட்பதில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. மதினி சோறு போடுகிறாள், பரிமாறும்போதே ஏசுகிறாள். தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் சுற்றுகிற தார் அறுந்து அறுந்து போகிறது என்பதும் அந்த ஏச்சில் வரும். தெருவில் யாராவது, “உங்க நாத்தனா நூத்தியெட்டுச் சுத்தினாளாமே” என்று கேட்டால் மட்டும் மதினி அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்று சொல்கிறாள்:

“ஆரு சொன்னா? எண்ணினவ நான். அன்னைக்கித் தபசுக்கு அவ சுத்தினது நூத்தியேழு. மத்தது நான் சொல்லிச் சுத்தினது.”